யொக்கைச்சியிலிருந்து திருப்புட்குழிக்கு ஒரு சிப்

இந்த வரலாற்றின் நாயகன் பிறந்தது ஜப்பானில், யொக்கைச்சி என்கிற துறைமுக நகரத்தில். 1960களில் பெட்ரோகெமிக்கல் ஆலைப் புகையால் மக்களை மூச்சுத் திணற வைத்து, ‘யொக்கைச்சி ஆஸ்துமா’ என்று ஒரு நோய்க்கே பெயர் கொடுத்த ஊர். பிற்பாடு அதே ஊரில்தான், தூசி உள்ளே நுழைய முடியாத மெமரி ஆலைகளை டோஷிபா கட்டியது. 2019 அக்டோபரிலிருந்து அந்த மெமரி நிறுவனத்துக்குக் கியோக்ஸியா என்று பெயர். நம் நாயகன் பெயர் மாற்றத்துக்குக் கொஞ்சம் முந்திப் பிறந்தவன். முதுகில் டோஷிபா என்றே அச்சாகியிருக்கிறது. இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத கறுப்புச் சில்லு.

இப்போது வாசம் திருப்புட்குழியில். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பாலுசெட்டிசத்திரம், அதையொட்டிய ஊர். ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது விஜயராகவப் பெருமாள் கோயிலின் தலவரலாறு. யாதவப் பிரகாசரிடம் ராமானுஜர் பாடம் கேட்டதும் இங்கேதான் என்பார்கள். அந்த ஊர்ப்பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்று, பட்டா நகல், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் நடக்கும். நடத்துகிற அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப்தான் கடைக்கு ஆதாரம். அதன் வயிற்றுக்குள், பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக மாட்டிய 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றில் நாயகன் குடியிருக்கிறான்.

ஆலையில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டமான சிலிக்கான் தட்டு. அதன்மேல் ஆக்ஸைடு ஒரு படலம், நைட்ரைடு ஒரு படலம் என்று மாற்றி மாற்றிப் படியவைத்து, பிறகு மேலிருந்து அடிவரை கோடிக்கணக்கான துளைகளைப் பிளாஸ்மாவால் குடைவார்கள். துளையின் அகலம் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கை நெருங்கும். அந்தத் துளை ஒவ்வோர் அடுக்கையும் கடக்கும் இடத்தில் ஒரு செல். 64 அடுக்கு என்றால் ஒரே துளையில் 64 செல்கள். இன்றைய ஆலைகள் 200 அடுக்கைத் தாண்டிவிட்டன. வெறும் தட்டாக உள்ளே போனது சிப்பாக வெளியே வர மூன்று மாதம் போலப் பிடிக்கும்.

வெளியே வந்ததும் தரம் பிரிப்பு. பொதுவாக, நல்லவை சர்வருக்கும் விலையுயர்ந்த போனுக்கும் போகும்; அடுத்த தரம் லேப்டாப் எஸ்.எஸ்.டி.க்கு, கழித்துப் போட்டவை மலிவு பென்டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும். நாயகன் நடுத்தரம். அவனுடைய பங்காளிகள் பலர் இதே நெடுஞ்சாலையில் கொஞ்சம் கிழக்கே, சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோனுக்குள் ஏறுகிறார்கள். காஞ்சிபுரம், உத்திரமேரூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய்ச் சேர்த்து மூடுகிற போன்கள் அவை.

வம்சத்தின் மூல புருஷர் என்று பார்த்தால், எலெக்ட்ரானைச் சுவர் எழுப்பி அடைத்துவைக்கலாம் என்ற யோசனையை 1967இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சொன்னவர்கள் டாவோன் காங், சைமன் சே இருவரும். ஆனால் ஃபிளாஷ் மெமரி என்று உலகம் அறிந்த பொருளுக்குத் தந்தை டோஷிபாவின் ஃபுஜியோ மசுஓகா. 1984இல் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் அதை அறிவித்தார். செல்களைச் சங்கிலியாகக் கோத்து இடத்தை மிச்சப்படுத்தும் நேண்ட் வகை 1987இல் வந்தது. இன்று நம் கையில் புழங்குவதெல்லாம் அதுதான். மொத்தமாக ஒரே நொடியில் அழிவதைப் பார்த்து, கேமரா ஃபிளாஷ் ஞாபகம் வருகிறது என்று பெயர் வைத்தவர் உடன் வேலை செய்த அரிஇசூமி. உலகத்தையே மாற்றிய சரக்கு. கம்பெனி மசுஓகாவுக்குக் கொடுத்த மரியாதையோ சொற்பம். வேலையை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போன மசுஓகா 2004இல் டோஷிபாமீது வழக்குப் போட்டார். 2006இல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசமானது. கண்டுபிடித்தவனுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவே.

இனி ஆயுள் கணக்கு. செல்லுக்கு ஒரே வேலை, எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்வது. சுற்றிலும் மின்சாரம் கடத்தாத சுவர். 20 வோல்ட் வாக்கில் அழுத்தம் கொடுத்தால் எலெக்ட்ரான் சுவரை ஊடுருவி உள்ளே போய்விடும். அழுத்தத்தை எடுத்துவிட்டால் வெளியே வர வழியில்லை. அதனால்தான் கரண்ட் இல்லாமலும் எழுதியது நிற்கிறது. அழிக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் அழுத்தம். இப்படிப் போகும்போதும் வரும்போதும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகிறது. ஒரு கட்டத்தில் அடைத்தது கசியும். படிப்பதால் தேய்வது மிகக் குறைவு. எழுதி அழிப்பதில்தான் ஆயுள் போகிறது.

ஆரம்பத்தில் ஒரு செல்லில் ஒரு பிட்: எலெக்ட்ரான் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. அந்தச் செல் ஒரு லட்சம் முறை எழுதி அழிப்பதைத் தாங்கியது. விலையைக் குறைக்க ஒரே செல்லில் இரண்டு பிட் வைத்தார்கள். இப்போது நான்கு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஆயுள் சில ஆயிரம் முறைக்கு இறங்கியது. மூன்று பிட் என்றால் எட்டு அளவுகள். ஆயிரம் முதல் மூவாயிரம் முறை. நான்கு பிட் என்றால் பதினாறு அளவுகள். ஆயிரம் முறை தாங்கினாலே பெரிது. அளவுகள் நெருங்க நெருங்க எழுதுவதும் மெதுவாகிறது, ஏனென்றால் கொஞ்சம் ஏற்றிப் பார்த்து, அளந்து, மறுபடி ஏற்ற வேண்டும். நம் நாயகன் மூன்று பிட் ரகம்.

நடுவில் ஒரு மீட்சியும் நடந்தது. பரப்பில் குறுக்கிக் குறுக்கிச் செல்லில் நிற்க எலெக்ட்ரானே இல்லாத நிலை வந்தபோது, 2013இல் சாம்சங் 24 அடுக்கில் மேல்நோக்கிக் கட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. உயரத்தில் இடம் கிடைத்ததால் செல்லை மறுபடி கொஞ்சம் பெரிதாக்க முடிந்தது. ஆனாலும் மொத்தக் கணக்கில் செல் அதன் பாட்டனைவிட நோஞ்சான்தான். அப்படியிருந்தும் எஸ்.எஸ்.டி.யின் வேகம் கூடியது, நம்பகமும் கூடியது. எனக்கு இந்தத் துறையில் ஆச்சரியமாகப் படுவது இது ஒன்றுதான்: பொருளின் தரம் இறங்க இறங்க, அதை நிர்வாகம் செய்கிறவனின் தரம் ஏறியிருக்கிறது.

அந்த நிர்வாகிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். மெமரி சிப் ஜப்பானிலோ கொரியாவிலோ பிறந்தாலும், மலிவு எஸ்.எஸ்.டி.களின் கன்ட்ரோலர் பெரும்பாலும் தைவான்காரர்கள் வடிவமைத்தது. அந்தத் தொழிலில் பெரிய பெயரான ஃபைசனை 2000இல் நண்பர்களோடு தொடங்கியவர் புவா கெய்ன் செங், அங்கே படிக்கப் போன மலேசியக்காரர்.

கன்ட்ரோலருக்கு இருக்கிற தலைவலி என்னவென்றால், ஃபிளாஷில் எழுதியதன்மேல் எழுத முடியாது. எழுதுவது பக்கம் பக்கமாக, ஒரு பக்கம் 16 கிலோபைட் போல. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பிளாக்கை மொத்தமாகத்தான். ஒரு பக்கத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால் கன்ட்ரோலர் அந்தப் பக்கத்தை வேறோர் இடத்தில் புதிதாக எழுதி, பழையதைச் செல்லாது என்று குறித்துக்கொள்கிறது. எந்தக் கோப்பு உண்மையில் எங்கே இருக்கிறது என்ற பதிவேடு அதனிடம் மட்டுமே உண்டு. செல்லாதவை சேர்ந்த பிறகு, உயிருள்ள பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அந்தப் பிளாக்கை அழிக்கும். நாம் ஒரு ஜிபி எழுதினால் உள்ளே இரண்டு ஜிபி எழுதப்படுவது இப்படித்தான்.

இதில் ஒரே பிளாக்குக்கே வேலை கொடுத்துக்கொண்டிருந்தால் அது சீக்கிரம் செத்துவிடும். வேலையை எல்லாப் பிளாக்குக்கும் சுற்றுமுறையில் பங்கிட வேண்டும். இந்தச் சிக்கலை நம் மாவட்டத்துக்காரர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு ஜனநாயகம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். பிராமண சபைக்குள் நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டும் நடந்தது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. என் கண்ணில் பட்டது வேறு: ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று ஆள் எடுக்கும்போது, கடந்த மூன்று வருடத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக் கூடாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இனி எப்போதும் இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. கன்ட்ரோலர் செய்வதும் இதே இரண்டும்தான். எந்தப் பிளாக் எத்தனை முறை உழைத்தது என்று எண்ணி வைத்து, உழைத்ததை ஒதுக்கி ஓய்ந்திருப்பதைக் கூப்பிடுகிறது. எழுதியதைச் சரியாகத் திருப்பித் தராத பிளாக்கைக் கெட்டது என்று பட்டியலில் சேர்த்து நிரந்தரமாக விலக்குகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் நாம் பார்க்க முடியாத கொஞ்சம் உபரி இடம் ஒவ்வோர் எஸ்.எஸ்.டி.யிலும் இருக்கிறது.

விலக்குவதற்கு முன் திருத்திப் பார்க்கிற வித்தையும் உண்டு. கசிந்த செல் ஒன்றிரண்டு தப்பாகப் படித்தாலும், கூடவே எழுதிவைத்த சரிபார்ப்புக் கணக்கிலிருந்து சரியான விடையை மீட்டுவிடும். அதற்கு இன்று பயன்படும் எல்.டி.பி.சி. முறையை ராபர்ட் கேலகர் 1960களின் தொடக்கத்திலேயே எம்.ஐ.டி.யில் தன் ஆய்வேட்டில் கொடுத்துவிட்டார். அன்றைய கம்ப்யூட்டருக்கு அது சுமக்க முடியாத கணக்கு. முப்பது வருடம் தூங்கிவிட்டு வந்து, நோஞ்சான் செல்களுக்கு ஊன்றுகோலாயிற்று.

தைவானின் மூளையும் யொக்கைச்சியின் உடம்பும் ஒரு பச்சைப் பலகையில் சேர்ந்தபின் நாயகனின் பயணம் சுருக்கமானது. மொத்த வியாபாரி, சென்னை ரிச்சி தெரு, அங்கிருந்து காஞ்சிபுரத்தில் ஒரு சர்வீஸ் கடை. அந்தக் கடைக்காரர் இதேபோல் செத்த ஒன்றைப் பிரித்துக் காட்டினார். இரண்டரை அங்குலத் தகரப் பெட்டிக்குள் முக்கால்வாசி வெற்றிடம். ஓரமாக விரல் நீளத்துக்கு ஒரு பலகை, அதில் கறுப்புச் சிப்கள், நடுவில் கன்ட்ரோலர். “இதுக்குப் போயி இவ்ளோ பெரிய பெட்டியான்னு எல்லாரும் கேப்பாங்கணா. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த எடத்துல உக்காரணும்ல” என்றார்.

ஹார்ட் டிஸ்க் இருந்த இடம் என்பது அந்த அரசு லேப்டாப். 2011இல் தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கில் கொடுத்தவை. பல வீடுகளில் ஹேங் ஆகிறது என்று பரணில் ஏறிவிட்டன. இந்த அக்காவும் ஏற்றியிருப்பார். “ஆன் பண்ணிட்டு வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டுதான்ணா இருக்கும்” என்று அவரே சொன்னார். பிராசஸர் பழசு என்று எல்லாரும் அதைத் திட்டுவார்கள். குற்றவாளி பெரும்பாலும் அது அல்ல. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கே 11 மில்லிசெகண்ட் ஆகிறது. முள் நகர்ந்து இடம் பிடிக்க இன்னும் அவ்வளவு. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடுகிறது. ஃபிளாஷில் ஒரு பக்கத்தைப் படிக்க மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நகர வேண்டிய முள்ளும் இல்லை. நாயகன் குடிபுகுந்த அன்று லேப்டாப் அரை நிமிடத்தில் எழுந்தது. டப்பாவில் போட்டிருந்த 500 எம்பி வேகம் வரவில்லை. பழைய லேப்டாப்பின் சாட்டா இணைப்பு அதில் பாதியைத்தான் கடத்தும். யாரும் அதைக் கவனிக்கவே இல்லை.

வேகத்தைக் கவனித்தது வேறொரு நாள். கல்யாண வீடியோ ஒன்றை யாரோ கொண்டுவந்து ஏற்றச் சொன்னபோது, முதல் சில ஜிபி பறந்து, பிறகு ஊர ஆரம்பித்தது. சிப் கெட்டுவிட்டதோ என்று பயந்தார்கள். கெடவில்லை. மூன்று பிட் செல்லில் எழுதுவது மெதுவான வேலை என்பதால், காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியைக் கன்ட்ரோலர் தற்காலிகமாக ஒரு பிட் செல்லாகப் பாவித்து வேகமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும். ஓய்வு கிடைக்கும்போது மூன்று பிட்டாக அடுக்கும். அந்தக் காலி இடம் தீர்ந்தால் உண்மையான வேகம் வெளியே தெரிந்துவிடும். டிரைவ் நிரம்ப நிரம்ப இந்தக் களம் சுருங்கும். சுத்தம் செய்யவும் இடமிருக்காது. ஒரே பக்கங்களைத் திரும்பத் திரும்ப இடம்மாற்றி ஆயுளும் கரையும். ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டுவைத்தால் போதும். இதைவிட மலிவான வேக மருந்து கிடையாது. கூடவே டிரிம் என்ற கட்டளை இயங்க வேண்டும்: நாம் அழித்த கோப்பு எது என்று விண்டோஸ் கன்ட்ரோலருக்குச் சொன்னால்தான், செத்ததை உயிருள்ளது என்று நினைத்துச் சுமக்காமல் இருக்கும். புதிய விண்டோஸ் அதைத் தானே வாரம் ஒருமுறை செய்துகொள்ளும். ஹார்ட் டிஸ்க் காலப் பழக்கத்தில் டிஃபிராக் மென்பொருள் போட்டு ஓட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முள்ளே இல்லாத இடத்தில் கோப்பை ஒழுங்காக அடுக்குவதால் வேகம் பெரிதாகக் கூடாது. எழுதும் கணக்கு மட்டும் கூடும்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நன்றாக விற்ற மலிவு ரகமான கிங்ஸ்டன் ஏ400இன் 240 ஜிபிக்குக் கம்பெனி கொடுக்கும் எழுத்து அளவு 80 டெராபைட். தினம் 20 ஜிபி எழுதினாலும் பத்து வருடத்தைத் தாண்டும். ஜெராக்ஸ் கடையில் எங்கே தினம் 20 ஜிபி? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் நம் நாயகனின் ஆரோக்கியம் 91 சதவீதம் என்று காட்டியது. அந்தப் பட்டியலில் என்னை உறுத்தியது வேறொரு வரி: எதிர்பாராமல் மின்சாரம் போனது, நானூற்றுச் சொச்சம் முறை. லேப்டாப்பின் பேட்டரி என்றைக்கோ செத்து, சுவர் பிளக்கில்தான் ஓடுகிறது. கரண்ட் கட்டானால் அப்படியே அணைகிறது. கன்ட்ரோலர் தன் பதிவேட்டை எழுதிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் கரண்ட் போனால், எழுத்துகள் எல்லாம் செல்லில் பத்திரமாக இருந்தும் எது எங்கே என்று தெரியாமல் டிரைவே காணாமல் போய்விடலாம். விலையுயர்ந்த சர்வர் டிரைவ்களில் இதற்காகவே சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும், மலிவில் இருக்காது. சர்வீஸ் கடைக்காரரின் அனுபவமும் இதுதான்: எழுதி எழுதித் தேய்ந்து வந்த எஸ்.எஸ்.டி.யை அவர் பார்த்ததில்லை; கரண்ட் போன மறுநாள் வந்தவை மேஜை நிறைய. அக்காவிடம் அவர் புது டிரைவ் விற்கவில்லை. ஒரு பேட்டரி வாங்கச் சொன்னார்.

2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டு போனதில் எஸ்.எஸ்.டி. விலையும் ஏறிவிட்டது. இருப்பதைக் காப்பாற்றுவதே லாபம் என்று ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் சர்வீஸ் கடைக்காரர் சொன்னார், அக்கா நம்பவில்லை. கல்யாண வீடியோவை போட்டோகிராபர் பென்டிரைவில் போட்டு வெல்வெட் டப்பாவில் கொடுக்கிறார். அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துப் பூட்டுகிறோம். ஃபிளாஷுக்குள் அடைபட்டது எலெக்ட்ரான். சூட்டில் கசிவு கூடும். கொடுத்த எழுத்து ஆயுளை முழுக்கத் தீர்த்த சாதாரண எஸ்.எஸ்.டி., கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் நினைவு வைத்திருந்தால் போதும் என்பதே ஜெடெக் தர அமைப்பின் விதி. புதிய டிரைவ் அதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதும் உண்மை. ஆனால் பென்டிரைவில் இருப்பது பெரும்பாலும் கழித்துப் போட்ட சிப்; காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் பீரோ 30 டிகிரியில் இருக்கப்போவதும் இல்லை. வேலை செய்வதற்குத்தான் ஃபிளாஷ். பத்திரப்படுத்த அது ஆள் இல்லை.

பத்திரப்படுத்த ஆள் கையிலேயே இருந்தது. கழற்றி எடுத்த பழைய ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகவில்லை, மெதுவாக இருந்தது, அவ்வளவுதான். காந்தப் பதிவுக்கு எலெக்ட்ரான் கசிகிற கவலையும் இல்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு கேசிங் வாங்கி மாட்டிக் கொடுத்தார்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று அக்கம்பக்கத்து வீடியோக்களின் ஒரு பிரதி இப்போது அதில் ஏறுகிறது. பீரோவில் வைக்க வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறார் அக்கா.